இதய மாத்திரையால் கிரியேட்டினின் ஏறினால் நிறுத்திவிடலாமா?

அப்பாவுக்கு இதயம் பலவீனம், எனலாப்ரில் என்ற இதய மாத்திரை தொடங்கிய இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் (கிட்னி சரியாக வடிகட்டாவிட்டால் ரத்தத்தில் ஏறும் கழிவு) 1.3இலிருந்து 1.6 ஆகிவிட்டது, கிட்னி போவதற்குள் நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து நீங்களாக நிறுத்தாதீர்கள். வீட்டில் யாரோ பெரியவர் நிறுத்தச் சொல்லி நெருக்குகிறார் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டிலும் அதுதான் நடந்தது.

நாங்கள் ரங்கூனில் இருக்கிறோம். அம்மாவுக்குக் கால் வீங்கி, படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தே தூங்குவார். எனலாப்ரிலும் நீர் பிரிகிற மாத்திரையும் கொடுத்தார்கள். கிரியேட்டினின் 1.4இலிருந்து 1.7க்குப் போனது. டாக்டர் பதறவில்லை. இந்த மருந்து கிட்னி வடிகட்டிக்குள் இருக்கும் அழுத்தத்தைக் குறைக்கிறது, அதனால் வடிகட்டும் வேகம் முதலில் கொஞ்சம் இறங்கும், நாளடைவில் கிட்னியைக் காப்பதும் அதே குறைந்த அழுத்தம்தான் என்றார். ஏற்றம் 30 சதவீதத்துக்குள் இருந்தால் பொதுவாக மருந்தைத் தொடர்ந்தபடியே கவனிப்பார்களாம். உங்கள் அப்பாவுடையதும் அதற்குள்தான் வருகிறது.

அப்புறம் திஞ்ஜான் என்கிற பர்மியப் புத்தாண்டுச் சமயத்து வெயிலில் அம்மாவுக்கு வயிற்றுப்போக்கு. கிரியேட்டினின் 2.4. திருச்சியிலிருந்து சித்தப்பா போனில், "அப்பவே சொன்னேனே, அந்த இங்கிலீஷ் மாத்திரையைத் தூக்கிப் போடுங்க" என்றார். நான் அம்மாவின் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பாக்குக்கு அடியில் சின்னச் சின்ன பிளாஸ்டிக் பொட்டலங்கள். ஒவ்வொன்றிலும் மஞ்சளும் வெள்ளையும் ரோஸுமாக மாத்திரைகள், எதிலும் பெயர் கிடையாது. மூட்டுவலிக்கு முனைக் கடையில் கலந்து கட்டிக் கொடுப்பது. டாக்டரிடம் கொண்டுபோனோம். வலி மாத்திரை, நீர் மாத்திரை, எனலாப்ரில் மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் வற்றினால் கிட்னிக்கு ரத்த ஓட்டமே குறைந்துவிடும் என்று விளக்கினார். பொட்டலத்தை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லி, மற்ற இரண்டையும் வயிறு சரியாகும்வரை மட்டும் நிறுத்தினார். பிறகு குறைந்த அளவில் எனலாப்ரிலைத் திரும்பத் தொடங்கினார். இப்போது 1.6இல் நிற்கிறது.

மருந்துக் கம்பெனிக்காரன் பேசுகிறான் என்று யாராவது எழுத வருவீர்கள். 2022இல் வெளியான பிரிட்டன் ஆய்வைப் பாருங்கள். கிட்னி மிகவும் கெட்டுப்போன 411 பேரில் பாதிப் பேருக்கு இந்த வகை மருந்தை நிறுத்தி, மூன்று வருடம் பார்த்தார்கள். நிறுத்தியவர்களின் கிட்னி ஒன்றும் தேறிவிடவில்லை. நான் டாக்டர் இல்லைதான். ஆனால் அம்மாவின் ஒவ்வொரு ரிப்போர்ட்டையும் கையில் வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன்.

இதையும் சொல்லிவிடுகிறேன். 1964 வாக்கில் இங்கிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிப் போன சொந்தக்காரர்களுக்கு, இங்கேயே தங்கிவிட்ட நாங்கள் ஒன்றும் தெரியாதவர்கள். "இன்னுமா அங்க இருக்கீங்க?" என்று கேட்காத போனே இல்லை. தாத்தா பாட்டியை இந்த மண்ணில் அடக்கம் செய்து, கோயிலுக்கு விளக்கேற்றி, பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்துக்கொண்டு இருக்கிறோம். அம்மா படுத்திருந்தபோது வந்து பார்த்தவர் ஒருவரும் இல்லை, யோசனை மட்டும் வண்டி வண்டியாக வந்தது.

சரி, உங்கள் அப்பா விஷயம். இந்த மருந்தால் ரத்தத்தில் பொட்டாசியமும் ஏறலாம், அது எவ்வளவு என்று நீங்கள் எழுதவே இல்லை. அது 5.5க்கு மேல் போனால் கதை வேறு, இதயத் துடிப்பையே கெடுக்கும். சோடியம் குறைந்த உப்பு என்று விற்பதிலும் பொட்டாசியம்தான் இருக்கிறது, வீட்டில் அது இருந்தால் சொல்லுங்கள். அவர் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும், பெயர் இல்லாதவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டு நாளைக்கே டாக்டரிடம் எடுத்துப் போங்கள்.