எலுமிச்சை இஞ்சி டீ கசந்து போகிறதா?

வணக்கமுங்க. தினமும் காலையில் போடும் எலுமிச்சை இஞ்சி டீ கசப்பதாகவும், கோபியில் இருந்து வந்திருக்கும் உங்கள் அத்தை ஒரு வாய்க்கு மேல் குடிப்பதில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். பழத்தைத் தோலோடு நறுக்கிக் கொதிக்க விடுகிறீர்களே, அங்கேதான் பிரச்சினை. தோலுக்கு அடியில் இருக்கும் வெள்ளைச் சதையும் விதையும் கொதித்தால் கசப்பு இறங்கிவிடும். சூட்டில் வைட்டமின் சி-யும் குறைந்துபோகும்.

இப்படிச் செய்து பாருங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் ஒரு அங்குல இஞ்சியைத் தட்டிப் போட்டு, 4 மிளகு, ஒரு ஏலக்காய், ஒரு சிட்டிகை மஞ்சள் சேர்த்துச் சிறுதீயில் 5 நிமிடம் விடுங்கள். ஈரோட்டில் இருந்துகொண்டு பாக்கெட் மஞ்சள் வாங்காதீர்கள், நல்ல கிழங்கை அரைத்து வையுங்கள். வாசமே வேறு. அடுப்பை அணைத்த பிறகு அரை ஸ்பூன் நீலகிரி டீத்தூள் போட்டு 2 நிமிடம் மூடி வைத்தால் போதும். தூள் அதிகம் கொதித்தாலும் துவர்க்கும்.

வடிகட்டி, நாட்டுச்சர்க்கரை கலந்து, வாய் பொறுக்கும் சூடு வந்ததும் அரை மூடி பழத்தை விதையில்லாமல் பிழியுங்கள். நிறம் வெளுக்கும், அது புளிப்பின் வேலை, பயப்பட வேண்டாம். பித்தளை டம்ளர் மட்டும் வேண்டாமுங்க, எவர்சில்வரே நல்லது.

அப்புறம், அத்தைக்கு நெஞ்செரிச்சல் உண்டா என்று கேளுங்கள். இருந்தால் வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். சர்க்கரை நோய் இருந்தால் நாட்டுச்சர்க்கரையும் வேண்டாம், அதுவும் சர்க்கரைதான்.