ஸ்கார்லட்டா, வயலட்டா? மாமா கொண்டுவரப்போகும் ஒரே ஒரு கார்ட்

கேள்வி: தோஹாவில் வேலை செய்யும் என் அண்ணன் டிசம்பர் லீவுக்கு வரும்போது, பிள்ளைகளுக்குப் பாவித்த நிண்டெண்டோ ஸ்விட்ச் ஒன்றும் போக்கிமோன் கேம் ஒன்றும் கொண்டுவருகிறார். அந்தக் கேம் ஸ்கார்லட், வயலட் என்று இரண்டாக இருக்கிறதாம். 13 வயது மகனுக்கு வயலட் வேண்டும், 10 வயது மகளுக்கு ஸ்கார்லட். இரண்டு நாளாக இருவரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஹட்டனில் என் நாத்தனார் மகனிடம் ஸ்கார்லட் இருக்கிறது. "அவன் விசாரித்துத்தான் வாங்கியிருப்பான், நாமும் அதையே வாங்குவோம்" என்கிறார் கணவர். ஒன்றை மட்டும் வாங்கினால் பாதி கேம்தானா? எதைச் சொல்லட்டும்?
– ஒரு தாய், பண்டாரவளை

பதில்: வயலட். அண்ணனுக்கு இன்றைக்கே வாட்ஸ்அப் போட்டுவிடுங்கள்.

மகன் கேட்டான் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. ஹட்டனில் ஸ்கார்லட் இருக்கிறது, அதற்காகச் சொல்கிறேன். பிரஷர் குக்கர் வாங்குவதென்றால் உங்கள் கணவர் சொல்வது சரி. நாத்தனார் வீட்டில் நன்றாக உழைப்பதையே நாமும் வாங்கலாம். இந்தக் கேமுக்கு அந்தக் கணக்கு தலைகீழ். சொந்தத்தில் ஒருவரிடம் எது இருக்கிறதோ, அது நம் வீட்டுக்கு வேண்டாம்.

பாதி கேம் என்ற பயம் தேவையில்லை. நம் பக்கத்துக் கோச்சிகளையே எடுத்துக்கொள்ளுங்கள். பொடி மெனிக்கேயும் உடரட மெனிக்கேயும் கோட்டையில் ஏறினால் பதுளையில்தான் இறக்கிவிடும். ஒன்று கண்டிக்குள் போய்த் திரும்பி வரும், மற்றது போகாது, அவ்வளவுதான். ஸ்கார்லட்டும் வயலட்டும் 2022 நவம்பர் 18 அன்று ஒரே நாளில் வெளிவந்தவை. ஊர் ஒன்று, கதை ஒன்று, முதலில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் மூன்று போக்கிமோன்களும் (பிடித்து வளர்த்துச் சண்டைக்கு விடும் கற்பனை உயிரினங்கள்) அவையேதான். பிடிப்பதற்கு 400 போக்கிமோன்கள் இருக்கின்றன. அதில் ஒரு கேமில் மட்டும் இருந்து மற்றதில் இல்லாதவை ஒவ்வொன்றிலும் சுமார் இருபதுதான். அவற்றையும் மற்றக் கேம் வைத்திருப்பவரோடு கைமாற்றிக்கொள்ளலாம்.

அந்த இருபதில்தான் உங்கள் வீட்டுச் சண்டை. ஸ்கார்லட் பெட்டியின் அட்டையில் இருப்பது கொரைடான், பழங்காலத்துப் பல்லி மாதிரி ஒன்று, காலால் ஓடும். வயலட்டில் மிரைடான், எதிர்காலத்து இயந்திரம் மாதிரி. அதற்கேற்பப் பேராசிரியரும் மாறுவார். ஸ்கார்லட்டில் சாடா என்ற பெண், வயலட்டில் டூரோ என்ற ஆண். டைரனிடார் வேண்டுமென்றால் ஸ்கார்லட், டிராகபல்ட் வேண்டுமென்றால் வயலட். இந்த இரண்டு பெயரையும் மகனிடம் சொல்லிப் பாருங்கள், அரை மணி நேரம் விளக்கம் கிடைக்கும்.

எனக்குப் பிடித்தது வேறு. கேமில் பிள்ளைகள் படிக்கும் பாடசாலையின் பெயரும் மாறுகிறது. ஸ்கார்லட்டில் நரஞ்ஹா அகடமி, வயலட்டில் ஊவா அகடமி! ஸ்பானிய மொழியில் நரஞ்ஹா என்றால் தோடம்பழம், ஊவா என்றால் திராட்சை. கேமின் ஊர் ஸ்பெயின் பக்கத்தை வைத்துச் செய்தது என்பதால் அந்தப் பெயர்கள். ஊவா மாகாணத்தில் இருந்துகொண்டு ஊவா அகடமி இல்லாத கேமை வாங்குவதா என்று மகளிடம் கேட்டுப் பாருங்கள். இன்னொன்றும் உண்டு. சார்கடெட் என்ற குட்டியை ஸ்கார்லட்டில் ஆர்மரூஜ் ஆகவும், வயலட்டில் செருலெட்ஜ் ஆகவும் வளர்க்கலாம். செருலெட்ஜ் ஆக ஒரு கவசம் வேண்டும், அதை வாங்க சினிஸ்டீ என்ற போக்கிமோனிடமிருந்து 10 சின்னத் துண்டுகள் சேர்க்க வேண்டும். சினிஸ்டீ யார் தெரியுமா? குடிக்காமல் வைத்த தேத்தண்ணீர்க் கோப்பையில் குடியேறிய பேய். எங்கள் வீட்டில் ஆறிப்போன பிளேன்டீ மிச்சம் கிடக்கும் கோப்பைகளை எண்ணினால் இதற்குள் நாலைந்து செருலெட்ஜ் வந்திருக்கும்.

சரி, ஏன் இரண்டாக விற்கிறார்கள்? வியாபாரம் இல்லை என்று சொன்னால் பொய். இரண்டையும் வாங்கும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கென்றே இரண்டும் சேர்ந்த பெட்டியும் விற்றார்கள். ஆனால் அது மட்டும் காரணமில்லை. போக்கிமோனை உருவாக்கிய சட்டோஷி தஜிரி சின்ன வயதில் பூச்சி பிடித்துத் திரிந்தவர். கேம்பாய் என்ற கையடக்கக் கேம் கருவி இரண்டை இணைக்கும் வயரைப் பார்த்தபோது, அதன் வழியாகப் பூச்சிகள் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஊர்ந்து போவதாக அவருக்குத் தோன்றியதாம். முதல் ஜோடியான சிவப்பும் பச்சையும் 1996 பெப்ரவரி 27 அன்று ஜப்பானில் வந்தன. ஒன்றில் இல்லாதது மற்றதில் இருந்தால்தானே ஒருவன் இன்னொருவனைத் தேடிப் போவான்?

அந்தத் திகதி எனக்கு மறக்காது. உலகக் கிண்ணம் நடந்துகொண்டிருந்த நாட்கள். தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் கிரிக்கெட் வீரர்களின் படங்களைப் பேப்பரில் வெட்டிக் கொப்பியில் ஒட்டிக்கொண்டிருந்தோம். எங்கள் வீட்டுக்கு வருவது வீரகேசரி. மேல் டிவிசனில் டிஸ்பென்சர் (தோட்டத்தில் மருந்து கொடுப்பவர்) வீட்டுக்கு வருவது சிங்களப் பேப்பர். இரண்டிலும் படங்கள் வேறு வேறு. என் கொப்பியில் முரளி நான்கு, அரவிந்த ஒன்றுகூட இல்லை. டிஸ்பென்சர் மகனிடம் அரவிந்த குவிந்து கிடந்தது. அதுவரை ஒரு வார்த்தை பேசியிராத அவனைத் தேடித் தேயிலை மலை ஏறிப் போனேன். ஒரு முரளிக்கு ஒரு அரவிந்த என்று பேச்சு. மார்ச் 17 இறுதிப் போட்டியில் அரவிந்த ஆட்டமிழக்காமல் 107 ஓட்டமும் எடுத்து, 3 விக்கெட்டும் வீழ்த்தினாரா, மறுநாள் விலை ஏறிவிட்டது. ஒரு அரவிந்தவுக்கு மூன்று முரளி! கொடுத்தேன், வேறு வழியில்லை. எங்கள் வீட்டுக்கும் அதே சிங்களப் பேப்பர் வந்திருந்தால் நான் அந்த மலையே ஏறியிருக்க மாட்டேன்.

அதனால்தான் ஹட்டனில் இல்லாததை வாங்கச் சொல்கிறேன்.

இனி மகள். ஒரே கார்டில் இருவரும் தனித்தனியாக விளையாடலாம். ஸ்விட்சில் ஆளுக்கொரு யூசர் திறந்துவிட்டால் ஆளுக்கொரு சேவ், அதாவது அவரவர் விளையாடியது தனித்தனியாகப் பதிவாகும். அண்ணன் பிடித்தது தங்கையின் ஆட்டத்தில் கலக்காது. ஆனால் ஒரு நேரத்தில் ஒருவர்தான் விளையாட முடியும். ஆகவே சண்டை நிற்காது, எந்தக் கேம் என்பது போய் யாருடைய முறை என்று ஆகிவிடும்.

மகள் ஸ்கார்லட் கேட்பது கொரைடானுக்காகத்தான் என்று நினைக்கிறேன். 10 வயதில் அட்டையைப் பார்த்துத்தான் முடிவெடுப்போம், நான் இப்போதும் அப்படித்தான். அவளுக்கு ஒரு வழி இருக்கிறது. கதையோடு வந்து சவாரிக்கு உதவும் கொரைடானை யாருக்கும் கொடுக்க முடியாது. ஆனால் கதை முடிந்தபின் இன்னொன்றைப் பிடிக்கலாம், அதைக் கைமாற்றலாம். ஹட்டன் அத்தை மகன் அதைக் கொடுத்தால் இவள் தன் ஆட்டத்தில் பிடித்த இரண்டாவது மிரைடானைக் கொடுக்க வேண்டியதுதான். அப்படி வரும் கொரைடான் சண்டை போடும், ஆனால் அதில் ஏறிப் போக முடியாது. இதை மகளிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், பிறகு தெரிந்தால் அழுகைதான்.

கைமாற்ற இரண்டு ஸ்விட்ச் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் போதும். இணையமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம், டேட்டா ரீலோடும் வேண்டாம். பண்டாரவளையிலிருந்து இணையத்தில் மாற்றுவதென்றால் அந்தச் சந்தா கட்ட வேண்டும், எனவே பாடசாலை லீவில் ஹட்டனுக்கே போய்விடுங்கள். இரண்டு கருவியிலும் கேமின் அப்டேட் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டாலும், பக்கத்தில் இருக்கும் ஸ்விட்சுடன் அப்டேட்டைச் சமப்படுத்திக்கொள்ளும் வசதி அதிலேயே உண்டு. ஒரே ஸ்விட்சில் இருக்கும் அண்ணனும் தங்கையும் ஆட்டத்துக்குள் நேராக மாற்றிக்கொள்ள முடியாது. அண்ணன் அத்தை மகனுக்குக் கொடுத்து, அவன் தங்கைக்குக் கொடுக்க வேண்டும். தரகு கேட்பான், கேட்கட்டும்.

தோஹாவில் இருக்கும் உங்கள் அண்ணனுக்கு இரண்டு குறிப்பு. கார்டும் பாவித்ததாக இருந்தால் கவலையில்லை, சேவ் கருவியில்தான் இருக்கும், கார்டில் இல்லை. எந்த நாட்டில் வாங்கிய கார்டும் இங்கே ஓடும். ஆனால் மேலதிகக் கதைக்கான டிஎல்சி வாங்குவதாக இருந்தால் வயலட்டுக்கு உரியதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். ஸ்கார்லட்டுக்கு வாங்கியது வயலட்டில் வேலை செய்யாது.

கேமில் தமிழ் இல்லை. தொடங்கும்போது மொழியைக் கேட்கும். அவசரத்தில் மகன் ஜப்பானிய மொழியை அமுக்கிவிடாமல் பக்கத்தில் இருங்கள். ஹட்டனுக்குப் புறப்படும்போது சார்ஜரையும் பையில் போடுங்கள்.