காலாண்டு விடைத்தாளை முதலில் எடுத்து வையுங்கள்

வணக்கம் அம்மா.

"ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் புத்தகமும் கையுமாத்தான் இருக்கான். ஆனா மார்க் வரல. படிப்புல ஆர்வமே இல்லையோன்னு பயமா இருக்கு" என்று எழுதியிருக்கிறீர்கள். பிளஸ் டூ காலாண்டில் இயற்பியல் 70-க்கு 31, கணிதம் 90-க்கு 52. டியூஷனை மாற்றலாமா என்று கேட்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நேரம் போட்டும் மார்க் வராத பையனுக்கு ஆர்வம் குறைவு என்று முடிவு கட்டுவது அவசரம். பெரும்பாலும் கோளாறு படிக்கும் விதத்தில் இருக்கும். மார்க் வராமல் வராமல்தான் ஆர்வம் தேய்ந்திருக்கும். அப்படியென்றால் சரிசெய்ய வேண்டிய வரிசையும் அதுதான்: முதலில் விதம், அப்புறம் மார்க், கடைசியாக ஆர்வம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இயற்பியல் விடைத்தாளையும் வினாத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, போன 39 மார்க்கும் எங்கே போனது என்று அவனையே எழுதச் சொல்லுங்கள். நீங்கள் எழுத வேண்டாம், திட்டவும் வேண்டாம். மார்க் போன ஒவ்வொரு இடத்திலும் நான்கு எழுத்தில் ஒன்றைப் போட வேண்டும். படித்தது, ஆனால் அந்த நேரத்தில் வரவில்லை என்றால் 'ம'. பாடமே புரியவில்லை என்றால் 'பு'. தெரிந்திருந்தும் கவனக்குறைவால் விட்டது என்றால் 'க'. நேரம் இல்லாமல் போனது என்றால் 'நே'. கடைசியில் கூட்டிப் பார்த்தால் 'ம' 19, 'பு' 8, 'க' 5, 'நே' 7 என்பதுபோல ஒரு கணக்கு வரும். "இயற்பியல் வரல" என்ற பெரிய பயம் நான்கு சின்ன வேலைகளாகப் பிரிந்துவிடும். நான்குக்கும் மருந்து வேறு வேறு. எல்லாவற்றுக்கும் "இன்னும் நல்லா படி" என்ற ஒரே மருந்தைக் கொடுப்பதால்தான் பல வீடுகளில் குணம் தெரிவதில்லை.

'க' சீக்கிரம் தீரும், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒரு மதிப்பெண் வினாவில் விடைக்குறியீட்டுடன் விடையையும் சேர்த்து எழுத வேண்டும் என்று வினாத்தாளிலேயே இருக்கும்; பிள்ளைகள் 'ஆ' என்று மட்டும் போட்டுவிட்டு வருவார்கள். இரண்டு மதிப்பெண் பகுதியிலும் மூன்று மதிப்பெண் பகுதியிலும் ஒன்பதில் ஆறு எழுதினால் போதும், ஆனால் இரண்டிலும் கடைசி வினா கட்டாயம். அது பெரும்பாலும் ஒரு கணக்காக இருக்கும். சாய்ஸ் இருக்கிறதே என்று கணக்கை ஒதுக்குகிற பையனுக்கு அங்கேயே 5 மார்க் போகும். அலகு போடாதது, படத்தில் பாகம் குறிக்காதது எல்லாம் இந்தக் கணக்கில்தான் வரும். இவற்றை ஒரு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்து, அடுத்த தேர்வுக்குக் கிளம்பும் முன் ஒரு தடவை பார்த்துவிட்டுப் போனால் போதும்.

'நே' என்பதற்குக் கடிகாரம்தான் மருந்து. இயற்பியல் தாள் மூன்று மணி நேரம், அதாவது 180 நிமிடம். ஒரு மதிப்பெண் 15-க்கும் சேர்த்து 20 நிமிடம். இரண்டு மதிப்பெண் ஆறுக்குத் தலா 5 வீதம் 30. மூன்று மதிப்பெண் ஆறுக்குத் தலா 8 வீதம் 48. ஐந்து மதிப்பெண் ஐந்துக்குத் தலா 13 வீதம் 65. மொத்தம் 163 போக 17 நிமிடம் கையில் நிற்கும், சரிபார்க்க. வீட்டில் ஐந்து மதிப்பெண் விடையை எழுதிப் பார்க்கும்போதெல்லாம் 13 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். நேரம் பற்றாமல் போகிற பிள்ளைகள் பலருக்குக் கை மெதுவில்லை, அடுத்த வரி எது என்று யோசிக்கும் இடைவெளிதான் நீளம். அதனால் 'ம' குறைந்தால் 'நே' பாதி தானாகக் குறையும்.

இப்போது 'ம'. உங்கள் பையனின் பன்னிரண்டு மணி வரையான உழைப்பு இங்கேதான் வீணாகிறது என்று நினைக்கிறேன்.

அவன் எப்படிப் படிக்கிறான் என்று இரண்டு நாள் சத்தமில்லாமல் கவனியுங்கள். நோட்ஸை எடுப்பான், வாசிப்பான், முக்கியமான வரிக்கு மஞ்சள் ஹைலைட்டர் அடிப்பான், இன்னொரு தடவை வாசிப்பான், "முடிஞ்சிருச்சு" என்று மூடிவிடுவான். இரண்டாம் தடவை வாசிக்கும்போது வரிகள் சரளமாக ஓடும். அந்தச் சரளத்தை 'தெரிந்துவிட்டது' என்று மனது எடுத்துக்கொள்ளும். பார்த்தால் அடையாளம் தெரிவது வேறு, பார்க்காமல் வரவழைப்பது வேறு. தேர்வறையில் கேட்பது இரண்டாவதை.

இதை 2006-இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களிடம் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு பத்தியைச் சிலர் இரண்டு தடவை வாசித்தார்கள். சிலர் ஒரு தடவை வாசித்துவிட்டு, அடுத்த தடவை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது இரண்டு தடவை வாசித்தவர்கள்தான் முந்தினார்கள்: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். வாசித்தவர்களிடம் 42 சதவீதம்தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களிடம் 56. "நேத்து ராத்திரி நல்லாத்தானே ஒப்பிச்சான்" என்று வீட்டில் வருத்தப்படுகிறோமே, அதற்குக் காரணம் இதுதான். படித்த சூட்டில் ஒப்பிப்பது எதையும் நிரூபிக்காது.

ஒரு பாடத்தை வைத்தே சொல்கிறேன். நிலைமின்னியலில் மின் இருமுனையின் அச்சுக்கோட்டில் ஒரு புள்ளியில் மின்புலம் காண்பது ஐந்து மதிப்பெண் வினா. ஒரு தடவை நிதானமாக, ஒவ்வொரு வரியும் ஏன் வருகிறது என்று கேட்டுக்கொண்டே வாசிக்கட்டும். புத்தகத்தை மூடி, வேறு அறையில் வைத்துவிட்டு வரட்டும். வெள்ளைத்தாளில் முதலில் படம். பிறகு நேர் மின்னூட்டத்தால் வரும் புலம், எதிர் மின்னூட்டத்தால் வரும் புலம், இரண்டின் தொகுபயன், புள்ளி வெகு தொலைவில் இருக்கிறது என்ற தோராயம், இருமுனைத் திருப்புத்திறனைப் பிரதியிடுவது, முடிவு எந்தத் திசையில் என்பது. முதல் தடவை தொகுபயன் வரை வந்து நின்றுவிடுவான். நிற்கட்டும். உடனே புத்தகத்தைத் திறக்காமல் இரண்டு நிமிடம் தலையைச் சொறிந்து யோசிக்கட்டும். அந்த இரண்டு நிமிடம் எரிச்சலாக இருக்கும், ஆனால் மனதில் பதிவது அங்கேதான். பிறகு திறந்து, விட்ட வரியை மட்டும் சிவப்புப் பேனாவில் எழுதி, அந்த இடத்துக்குப் பக்கத்தில் ஏன் விட்டான் என்று ஒரு வார்த்தை. நாளை மறுபடி வெள்ளைத்தாள். அப்புறம் நான்காம் நாள், பத்தாம் நாள், மூன்று வாரம் கழித்து ஒரு தடவை. ஐந்து தடவை எழுதினாலும் ஒவ்வொரு தடவையும் நேரம் குறைந்துகொண்டே வரும். சிவப்பு வரியே இல்லாத தாள் தொடர்ந்து இரண்டு வந்தால் அந்த வினாவை எடுத்து வைத்துவிடலாம்.

கணிதத்தில் பிசகு வேறு மாதிரி. கைடில் போட்டிருக்கும் கணக்கைக் கண்ணால் பின்தொடர்ந்துவிட்டு "புரியுது" என்பது ஒன்று. அது பெரும்பாலானவர்களுக்குத் தெரிந்த தப்பு. தெரியாத தப்பு, ஒரே பயிற்சியில் உள்ள கணக்குகளை வரிசையாகப் போடுவது. அணிகள் பாடத்தில் கிராமரின் விதிப் பயிற்சியைப் போடும்போது எல்லாக் கணக்குக்கும் வழி ஒன்றுதான் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. அடுத்த பயிற்சியில் காஸ் நீக்கல் முறை, அதற்கும் தலைப்பு இருக்கிறது. தேர்வில் தலைப்பு இருக்காது. எந்த வழி என்று தேர்ந்தெடுப்பதே அரைக் கணக்கு, அந்தப் பாதியை அவன் பழகவே இல்லை. வாரத்தில் இரண்டு நாள், முடிந்த பாடங்களிலிருந்து எட்டுக் கணக்குகளைக் கலந்து சீட்டில் எழுதிக் குலுக்கி எடுத்துப் போடட்டும். அணிகளில் இரண்டு, கலப்பு எண்களில் இரண்டு, சமன்பாட்டியலில் இரண்டு, மற்றவற்றில் இரண்டு என்று. முதல் வாரம் தப்பு கூடும். கூடினால் பயப்பட வேண்டாம், அதுவரை மறைந்திருந்த ஓட்டை இப்போது கண்ணுக்குத் தெரிகிறது.

'பு' போட்ட இடங்களை ஆசிரியரிடம் கொண்டுபோக வேண்டும். "சார், இந்தப் பாடம் புரியல" என்றால் அவரும் முழுப் பாடத்தையும் வேகமாகத் திருப்பிச் சொல்வார், பயன் இருக்காது. "நாலாவது வரி வரைக்கும் வருது சார், அஞ்சாவது வரியில ஏன் இதை விட்டுட்டோம்?" என்று கேட்டால் இரண்டு நிமிடத்தில் தீரும். டியூஷன் தேவையா என்பதை இந்த எழுத்தை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 'பு' அதிகம் என்றால் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். 'ம' அதிகம் என்றால் இன்னொரு டியூஷன் அவன் எழுதிப் பார்க்க வேண்டிய நேரத்தைத்தான் தின்னும்.

நேர அட்டவணை பற்றிக் கேட்டிருந்தீர்கள். பள்ளி விட்டு வந்து, சாப்பிட்டு, ஒரு அரை மணி சும்மா இருந்துவிட்டு, மூன்று அமர்வு. ஒன்று 45 நிமிடம், இடையில் 10 நிமிடம் எழுந்து நடக்க. முதல் அமர்வில் பழையதை வெள்ளைத்தாளில் எழுதுவது, இரண்டாவதில் இன்று நடத்தியது, மூன்றாவது கணக்குக்கு. போன் சைலன்டில் மேஜையில் இருந்தால் போதாது, அடுத்த அறையில் இருக்க வேண்டும். பத்தரைக்கு விளக்கை அணையுங்கள். இந்த வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். படித்தது நினைவில் நிலைப்பதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பன்னிரண்டு வரை விழித்து காலை ஐந்துக்கு எழுந்தால், படித்ததும் நிற்காது, மறுநாள் வகுப்பும் தூக்கத்தில் போகும்.

இனி ஆர்வம். படிப்புப் பழக்கம், படிக்கும் திறன், ஊக்கம் ஆகியவை கல்லூரி மதிப்பெண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்து கிரெடே, குன்செல் என்ற இருவர் 2008-இல் வெளியிட்டார்கள். முந்தைய மதிப்பெண்ணும் நுழைவுத்தேர்வும் எவ்வளவு சொல்கின்றனவோ, ஏறக்குறைய அதே அளவுக்கு இவையும் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகின்றன என்று கண்டார்கள். 'மூளை இருந்தால் வரும், இல்லாவிட்டால் வராது' என்று நம் வீடுகளில் இருக்கும் எண்ணத்துக்கு இது நல்ல பதில். ஆனால் ஒத்துப்போவது என்பதை ஒருவழிப் பாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊக்கம் மார்க்கைக் கூட்டுகிறது, கூடிய மார்க் ஊக்கத்தைக் கூட்டுகிறது. வட்டத்துக்குள் எங்கே கை வைக்க முடியும் என்பதுதான் கேள்வி. ஊக்கத்தை நேராகத் தூக்கிவிட உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. பழக்கத்தில் கை வைக்கலாம். நேற்று பாதியில் நின்ற வருவித்தலை இன்று முழுதாக எழுதிவிட்டான் என்றால், அந்தத் தாளே அவனுக்கு ஊக்கம். எந்தப் பேச்சாளரின் வீடியோவும் அந்த வேலையைச் செய்யாது.

"தொண்ணூறு எடுத்தா பைக்" என்று அப்பா சொல்லியிருக்கிறார் என்றீர்கள். சொன்னதைத் திரும்பப் பெற வேண்டாம், ஆனால் அதை அடிக்கடி நினைவூட்டவும் வேண்டாம். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் ஆகியோர் மழலைப் பள்ளிக் குழந்தைகளிடம் செய்த சோதனையில், ஆசையாகப் படம் வரைந்துகொண்டிருந்த குழந்தைகளுக்குப் பரிசு தருகிறோம் என்று முன்கூட்டிச் சொல்லி வரைய வைத்தார்கள். பிறகு சும்மா விட்டபோது அந்தக் குழந்தைகள் வரைவது குறைந்துவிட்டது. பைக்கில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. அது மார்ச் மாதத்து மார்க்குக்கு. இன்று மாலை ஆறரைக்கு உட்கார்வதற்கு அது உதவாது. பாராட்ட வேண்டும் என்று தோன்றினால் செய்ததைப் பாராட்டுங்கள்: "இன்னைக்கு சிவப்பு வரி ரெண்டுதான் இருக்கு போலிருக்கே." தினமும் "எத்தனை மணி நேரம் படிச்சே" என்று கேட்டால் உட்கார்ந்திருப்பதைக் கூட்டுவான். "இன்னைக்கு எதைப் பார்க்காம எழுதினே, தாளைக் காட்டு" என்று கேட்டால் எழுதுவதைக் கூட்டுவான். பக்கத்து வீட்டுப் பெண் மார்க்கை மட்டும் தயவுசெய்து இழுக்காதீர்கள்.

இன்னொன்றையும் சோதித்துவிடுங்கள். இந்தக் குழுவை அவன் கேட்டு எடுத்தானா, நாம் எடுத்துக் கொடுத்தோமா? நாம் கொடுத்தது என்றால், இப்போது மாற்ற முடியாது. ஆனால் பிளஸ் டூவுக்குப் பிறகு பாதை இன்ஜினீயரிங்கில் முடிந்துவிடவில்லை. பொருளியல், புள்ளியியல், ஐந்தாண்டுச் சட்டப் படிப்பு, வடிவமைப்பு எல்லாம் கணிதக் குழு மாணவனுக்கும் திறந்தே இருக்கின்றன. இதை இப்போதே அவனிடம் சொல்லிவிட்டால் "பிடிக்காததுக்கே வாழ்நாள் முழுக்கப் போகணுமா" என்ற பாரம் இறங்கும், இந்த ஐந்து மாதம் படிக்க மனம் வரும்.

இன்ஜினீயரிங்தான் அவன் ஆசை என்றால் கட்-ஆஃப் கணக்கையும் மறக்க வேண்டாம். 200-இல் கணிதம் முழு 100, இயற்பியல் 50, வேதியியல் 50. கணிதத்தில் 10 மார்க் கூடினால் கட்-ஆஃப் 10 கூடும். இயற்பியலில் 10 கூடினால் 5தான். இயற்பியலைப் பார்த்துப் பயந்து கணிதத்துக்கான நேரத்தை எடுத்து அதில் போட்டுவிடாதீர்கள். மூன்றாவது அமர்வு கணக்குக்கே இருக்கட்டும்.

முதல் இரண்டு வாரம் அவன் குறைவாகப் படிப்பதுபோலவே தெரியும். ஒரு நாளில் நாற்பது பக்கம் புரட்டியவன் நான்கு தாள் எழுதிவிட்டு எழுவான். பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சாப்பாடு, தூக்கம், நண்பர்கள் எல்லாவற்றிலிருந்தும் விலகி, எதற்கும் பிரயோஜனமில்லை என்று பேச ஆரம்பித்தால், அது படிப்புப் பிரச்சினை இல்லை. காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். 14416 என்ற டெலி-மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

டிசம்பரில் அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்ததும் இதே நான்கு எழுத்தைப் போட்டு எனக்கு எழுதுங்கள். மொத்த மார்க்கை அப்புறம் பார்க்கலாம். காலாண்டில் வந்த 'ம' எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை முதலில் எழுதுங்கள், ஜனவரித் திருப்புதல் தேர்வுகளுக்கு என்ன செய்யலாம் என்று அங்கிருந்து பேசுவோம்.