வாசகர் கேள்வி: தட்டு சிறிதாகிவிட்டது, நினைப்பு சிறிதாகவில்லையே?

கேள்வி: எனக்கு வயது 41. ஏழு மாதங்களுக்கு முன் ஸ்லீவ் முறையில் எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். அன்று 112 கிலோ, இன்று 84. முதல் மூன்று மாதங்கள் பசி என்றால் என்னவென்றே தெரியவில்லை. இப்போதோ கண் விழித்ததிலிருந்து சாப்பாட்டு நினைப்புதான். அலுவலகக் கூட்டத்தில் எதிரே இருப்பவர் பேசுவது காதில் விழுவதில்லை. மதியம் என்ன சாப்பிடலாம் என்று மனம் கணக்குப் போடுகிறது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. எடை ஏறிவிடுமோ என்று பயந்து காலையில் காபியோடு நிறுத்திக்கொள்கிறேன். மதியம் இரண்டு மணிக்குத்தான் முதல் வாய் உணவு. இரவு எட்டு மணிக்கு மேல் எதையும் தொடுவதில்லை. ஆனால் பிள்ளைகள் தூங்கிய பிறகு ஐஸ் கட்டிகளை ஒரு கிண்ணத்தில் போட்டு மென்றுகொண்டே நள்ளிரவு வரை சமையல் வீடியோக்கள் பார்க்கிறேன். யாராவது வரும் ஓசை கேட்டால் வெட்கத்தோடு கைபேசியைக் கவிழ்த்துவிடுகிறேன். "இவ்வளவு வலியும் செலவும் பட்ட பிறகும் உனக்கு இன்னும் சாப்பாட்டு நினைப்பா?" என்று கணவர் கேட்டார். வெட்கத்தில் அழுதுவிட்டேன். அறுவை சிகிச்சை தோற்றுவிட்டதா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புத் தங்கைக்கு,

தோற்கவில்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மீதியை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் கடிதத்தில் 'வெட்கம்' மூன்று முறை வருகிறது. இந்த நிமிடம் எனக்குப் பசிக்கிறதா என்று உங்களையே நீங்கள் கேட்டுக்கொண்டதாக ஒரு வரிகூட இல்லை. அதுதான் என் மனதை உறுத்தியது.

எனக்கும் இதே அறுவை சிகிச்சை நடந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. ஆறாவது மாதத்தில் ஓர் இரவு, குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அதன் வெளிச்சத்தில் ஒரு கேக் உறையின் பின்பக்கத்தைப் படித்தேன். அதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது என்ற பட்டியல் முழுவதையும் படித்தேன். முடித்ததும் மறுபடி முதல் வரிக்குப் போனேன். சாப்பிடவில்லை, படித்தேன். கால் விரல்கள் குளிரில் விறைத்துப்போயிருந்தன. எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே நினைத்தேன். மறுபரிசோதனைக்குப் போனபோது இதைச் சொல்ல வாயெடுத்தேன். எடைக்கருவியில் தெரிந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, "நன்றாகக் குறைகிறது" என்று அனுப்பிவிட்டார்கள். பிறகு உளவியல் ஆலோசகராகி, இதே சிகிச்சை செய்துகொண்டவர்களோடு பேசுவதையே வேலையாக வைத்துக்கொண்டதற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

நடப்பது என்னவென்று சொல்கிறேன். ஸ்லீவ் முறையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் மேல் அகற்றப்படுகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோனைப் பெருமளவு சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுகிறது. முதல் மாதங்களில் பசி தெரியாமல் இருந்ததற்கு இது முக்கியக் காரணம். ஆனால் பசியை ஒரே ஒரு ஹார்மோன் மட்டும் ஆள்வதில்லை. கொழுப்புத் திசுவிலிருந்து வரும் லெப்டின் இன்னொன்று. கொழுப்பு கரையக் கரைய அதுவும் குறையும். கையிருப்பு தீர்ந்துகொண்டே போகிறது என்று மூளை அதைப் புரிந்துகொள்கிறது. 84 கிலோ என்பது உங்களுக்கு நிம்மதி. மூளைக்கோ 28 கிலோ காணாமல் போன செய்தி.

அந்த 28 கிலோவை மறுபடி பாருங்கள். 112-இல் சரியாக நான்கில் ஒரு பங்கு. இரண்டாம் உலகப் போரின் இறுதிக் கட்டத்தில், 1944 நவம்பரில், அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற ஆய்வாளர் 36 ஆண்களை வைத்து ஓர் ஆய்வைத் தொடங்கினார். அனைவரும் தாமாக முன்வந்தவர்கள். உடலும் மனமும் திடமாக இருப்பவர்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆறு மாதங்களுக்கு அவர்களின் உணவு ஏறக்குறைய பாதியாகக் குறைக்கப்பட்டது. எடையில் நான்கில் ஒரு பங்கு வரை இழந்தார்கள். அப்போது அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? சமையல் புத்தகங்களைப் படித்தார்கள். செய்முறைக் குறிப்புகளைச் சேகரித்தார்கள். பேச்சு எங்கே தொடங்கினாலும் உணவில் போய் முடிந்தது. சாப்பாட்டைக் கனவில் கண்டார்கள். அதற்கு முன் சமையலில் அக்கறையே இல்லாதவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

அன்று கைபேசி இருந்திருந்தால் அவர்களும் நள்ளிரவு வரை சமையல் வீடியோதான் பார்த்திருப்பார்கள். இந்த ஆய்வைப் பற்றி முதன்முதலில் படித்த அன்று கேக் உறையோடு நின்ற என்னை நான் மன்னித்தேன். நீங்களும் கவிழ்த்து வைத்த கைபேசியை நிமிர்த்தி வைக்கலாம்.

உங்கள் நிலை முழுவதும் அவர்களுடையதைப் போன்றதல்ல. அறுவை சிகிச்சை ஹார்மோன்களை உங்கள் பக்கம் ஓரளவு திருப்பியிருக்கிறது. அவர்களுக்கு அந்த உதவி கிடையாது. ஆனால் நீங்களும் உடலைப் பட்டினி போடுகிறீர்கள். இரவு எட்டு மணியிலிருந்து மறுநாள் மதியம் இரண்டு மணி வரை எத்தனை மணி நேரம் என்று விரல் விட்டு எண்ணுங்கள். பதினெட்டு. காலைக் கூட்டத்தில் உணவைப் பற்றி நினைக்காமல் வேறு எதைப் பற்றி நினைப்பீர்கள்? அந்த நேரத்து நினைப்பை மனக்கோளாறு என்று சொல்லாதீர்கள். அது உடல் நேர்மையாகக் கேட்கும் கேள்வி. அதற்கு உணவுதான் பதில்.

ஆகவே நாளைக் காலையே சாப்பிடத் தொடங்குங்கள். விழித்து ஒரு மணி நேரத்துக்குள் சிறிதளவு, பிறகு மூன்று நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஒவ்வொரு வேளையும் புரதத்தில் தொடங்குங்கள்: முட்டை, மீன், பருப்பு, எது உங்களுக்கு ஒத்துக்கொள்கிறதோ அது. பெரும்பாலான மருத்துவக் குழுக்கள் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்கின்றன. மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கி இரவு எட்டுக்குள், அந்தச் சின்ன இரைப்பையில் அவ்வளவையும் சேர்ப்பது மிகவும் கடினம். தண்ணீரை உணவோடு சேர்க்காமல் அரை மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். பயப்படாதீர்கள், மருத்துவக் குழு சொன்ன அளவுக்குள் காலையில் சாப்பிடுவதால் எடை ஏறிவிடாது.

அந்த ஐஸ் கட்டி. அதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அது பெரிதாகத் தெரிகிறது. ஐஸை மெல்ல வேண்டும் என்ற தீராத ஆசை இரும்புச்சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இந்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு இரும்புச்சத்தும் வைட்டமின் பி12-உம் குறைவது வழக்கமாகக் காணக்கூடியது. இந்த வாரமே ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். பரிந்துரைத்த சத்து மாத்திரைகளை விட்டிருந்தால் அதையும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

வேளாவேளைக்குச் சாப்பிட்டபின் பகல் நேர நினைப்பு ஓரளவு அடங்கும் என்று எதிர்பார்க்கிறேன். இரவு நேரத்தது அவ்வளவு எளிதில் அடங்காது. அதைப் பற்றித்தான் உங்களிடம் அதிகம் பேச வேண்டும்.

ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். நினைப்பு வந்ததும் மூன்றே விஷயங்கள்: மணி என்ன, மனதில் வந்த உணவு எது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது. நல்லது கெட்டது என்று எதுவும் எழுத வேண்டாம். என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் நோட்டில் பதினோரு நாட்களில் ஒன்பது பதிவுகள் இரவு ஒன்பதே முக்காலுக்குப் பக்கத்தில் இருந்தன. "அந்த நேரத்தில் என்ன நடக்கும்?" என்று கேட்டேன். "ஒன்றும் நடக்காது. கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு உட்காருவேன், அவ்வளவுதான்" என்றார். பிறகு அவரே வெகு நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளெல்லாம் நான் உட்காருவது அப்போதுதான்" என்றார். அறுவை சிகிச்சைக்கு முன் அந்த அரை மணி நேரம் அவருக்கு ஒரு தட்டு இருந்தது. யாருக்கும் பங்கு கொடுக்க வேண்டாத, யாரும் எதுவும் கேட்காத அரை மணி நேரம். தட்டு போனபோது அந்த ஓய்வும் சேர்ந்து போய்விட்டது. அவர் மனம் தேடியது அதைத்தான்.

உங்களுக்கும் பிள்ளைகள் தூங்கிய பிறகுதான் வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உணவு உங்களுக்கு இத்தனை ஆண்டுகளாக வேறு என்னென்ன வேலையெல்லாம் செய்து கொடுத்தது என்று யோசித்துப் பாருங்கள். துணையாக இருந்ததா? கோபத்தை விழுங்க உதவியதா? நாள் முடிந்தது என்று சொல்ல ஒரு மணியோசையாக இருந்ததா? அந்தத் துணையை இழந்ததற்காக அழுகை வந்தால் அழுங்கள். சிகிச்சை செய்துகொண்டதற்கு மகிழ்ச்சியும் பழைய சாப்பாட்டுக்கு ஏக்கமும் ஒரே மனதில் இருக்கலாம். என் மனதில் இரண்டு ஆண்டுகள் இருந்தன.

வீடியோக்களைப் பற்றி ஒரு சொல். அவற்றை நான் குற்றமாகப் பார்க்கவில்லை, ஆனால் அவை உங்களுக்கு உதவவில்லை. ஓர் உணவின் மீது ஆசை எழும்போது, அதன் உருவமும் மணமும் சுவையும் மனதில் படமாக ஓடுகின்றன. அந்தப் படம்தான் ஆசையை வளர்க்கிறது. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக உளவியலாளர்கள் இதை வைத்து ஆய்வுகள் செய்தார்கள். களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்தபோது சாக்லேட் மீதான ஆசையின் வேகம் தணிந்தது. விழும் கட்டைகளைத் திரையில் அடுக்கும் டெட்ரிஸ் விளையாட்டை வைத்துச் செய்த ஆய்வுகளிலும் ஆசை குறைந்தது. மனக்கண்ணுக்கு வேறு வேலை கொடுத்தால் கேக்கின் படத்துக்கு அங்கே இடம் போதாமல் போகிறது. 'நினைக்காதே' என்று மனதை அதட்டுவதைவிட இது நன்றாக உதவுகிறது. நான் நூல் பின்னும் குரோஷே ஊசியைக் கையில் எடுத்தேன். நீங்கள் களிமண்ணோ வண்ணமோ புதிர்க்கட்டையோ எடுங்கள். கையும் கண்ணும் சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதே முக்கியம்.

இன்னொன்று. செமாக்ளுடைட் போன்ற, பசியைக் குறைக்கும் புதிய மருந்துகளை எடுத்துக்கொண்டவர்கள் பலர், தலைக்குள் ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்த உணவு இரைச்சல் அடங்கிவிட்டது என்று சொல்கிறார்கள். ஒரு மருந்தால் அடங்கக்கூடியது எப்படி வெறும் ஒழுக்கக் குறைவாக இருக்க முடியும்? அந்த மருந்து உங்களுக்கும் தேவையா என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் உங்கள் கணவரிடம் இந்தப் பத்தியைக் காட்டுங்கள். அவரிடம் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: "இன்னுமா?" என்ற கேள்விக்குப் பதிலாக, இரவு ஒன்பதரைக்கு அவர் உங்கள் அருகில் வந்து உட்காரட்டும். காலை உணவை அவர் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

சிறிது சிறிதாக நாள் முழுவதும் கொறித்துக்கொண்டே இருந்தாலோ, மென்று துப்பினாலோ, வேண்டுமென்றே வாந்தி எடுத்தாலோ, உணவு இருந்த இடத்துக்கு மது வந்தாலோ, வாழ்வே வேண்டாம் என்று தோன்றினாலோ என் பதிலோடு நிற்காதீர்கள். உடனே உங்கள் மருத்துவக் குழுவிடம் போய், உளவியல் உதவி வேண்டும் என்று கேளுங்கள். முதல் முறை காது கொடுக்காவிட்டால் இரண்டாம் முறையும் கேளுங்கள். நான் இரண்டாம் முறை கேட்காமல் ஓராண்டை வீணாக்கினேன்.

கேள்வி: வயது 52. இரண்டு ஆண்டுகளுக்கு முன் இரைப்பை பைபாஸ் என்ற எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை செய்துகொண்டேன். சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் கை நடுங்கி, வியர்த்து, இனிப்பு வேண்டும் என்று மனம் வெறி பிடித்ததுபோல் அலைகிறது. நான்கு பிஸ்கட் சாப்பிட்டால் சரியாகிறது; சற்று நேரத்தில் மறுபடியும் வருகிறது. மனக்கட்டுப்பாடு இல்லையா எனக்கு?

— ஒரு வாசகர்

பதில்: ஐயா, இதை மனக்கட்டுப்பாட்டோடு சேர்த்துப் பார்க்காதீர்கள். ரத்தச் சர்க்கரை தாழ்ந்துபோகிறது என்று சந்தேகிக்கிறேன். பைபாஸுக்குப் பிறகு மாவும் சர்க்கரையும் சிறுகுடலுக்குள் வேகமாக இறங்கிவிடும். ரத்தச் சர்க்கரை சட்டென்று ஏறும், இன்சுலின் தேவைக்கு மேல் சுரக்கும், ஒன்றிலிருந்து மூன்று மணி நேரத்துக்குள் சர்க்கரை சரியும். இனிப்புக்காக அலறுவது உங்கள் மூளை. பிஸ்கட் அதே சுற்றை மறுபடி தொடங்கி வைக்கிறது.

நடுக்கம் வரும் நேரத்தில் குளுக்கோமீட்டரில் அளந்து எழுதி வையுங்கள். 70-க்குக் கீழே (மி.கி./டெ.லி. அளவில்) இருந்தால் தாழ்வு. 54-க்குக் கீழே என்றால் இன்னும் கடுமையானது. தாழ்ந்திருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் எடுத்து, காத்திருந்து மறுபடி அளந்து, சரியான பிறகு கொஞ்சம் புரதம் சாப்பிடுங்கள். அது இல்லாவிட்டால் அடுத்த சரிவு வரும். அன்றாடம் புரதத்தை முதலிலும் மாவுப் பண்டங்களைக் கடைசியில் சிறிதாகவும் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கு மாத்திரைகளும் உண்டு. அளவுகள் எழுதிய தாளோடு மருத்துவரிடம் போங்கள். அதுவரை, நடுக்கம் தொடங்கினால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுங்கள். வீட்டில் ஒருவருக்காவது இதைச் சொல்லி வையுங்கள்.