வானியற்பியலும் கணக்கும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

கணினி அறிவியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். வானியற்பியலை மைனராக, அதாவது துணைப்பாடமாக, எடுக்க ஆசை. வேலைக்கு உதவுமா, மதிப்பெண் குறைந்துவிடுமா என்று பயமாகவும் இருக்கிறது. கணக்கு அதிகம் இல்லாத தாள்களாகப் பார்த்து எடுத்துக்கொள்ளலாமா?

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

எடு. வேலையையும் மதிப்பெண்ணையும் பற்றி உன் துறை ஆசிரியரிடம் கேட்டுக்கொள். கடைசிக் கேள்விதான் என்னை எழுத வைத்தது. சில வாரங்களாகவே செசிலியா பெய்ன் என்ற வானியலாளரின் நினைவாக இருக்கிறேன்.

கல்லூரி ஆய்வகத்தில் முதன்முதலாக, ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியே சோடியம் விளக்கைப் பார்த்தேன். மஞ்சளாக ஒரே கோடு. பிளவைக் குறுக்கியதும் அது இரண்டாகப் பிரிந்தது: 589.0, 589.6 நானோமீட்டர். பிறகு ஆசிரியர் சூரிய ஒளியைக் காட்டினார். அதே இடத்தில் இரண்டு கருங்கோடுகள். சூரியனில் சோடியம்! கோட்டைப் பார்த்தாலே நட்சத்திரம் எதனால் ஆனது என்று தெரிந்துவிடும் என ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

அது தப்பு. சூரிய நிறமாலையில் கால்சியத்தின் கோடுகள் ஹைட்ரஜன் கோடுகளைவிட மிக வலுவானவை. இரும்புக்கோ ஆயிரக்கணக்கான கோடுகள். கண்ணை மட்டும் நம்பினால், பூமியில் உள்ளவையே அங்கும் ஏறக்குறைய அதே அளவில் இருப்பதாகத் தோன்றும். பெரிய வானியலாளர்களே அப்படித்தான் நினைத்தார்கள். நம் இயற்பியலாளர் மேகநாத் சாஹா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டை, அதாவது வெப்பத்தில் எவ்வளவு அணுக்கள் எலெக்ட்ரானை இழக்கும் என்று சொல்லும் கணக்கை, வைத்துப் பெய்ன் கணக்குப் போட்டார். கண்ணுக்குத் தெரியும் ஹைட்ரஜன் கோடு விழ, அணு ஏற்கனவே இரண்டாம் ஆற்றல் மட்டத்தில் இருக்க வேண்டும். அங்கே ஏற 10.2 எலெக்ட்ரான் வோல்ட் ஆற்றல் தேவை. சூரியப் பரப்பின் 5,800 கெல்வினில் நூறு கோடி அணுக்களுக்கு ஐந்தாறுதான் அந்த மட்டத்தில் இருக்கும். அந்த ஐந்தாறே கண்ணுக்குத் தெரியும்படி கோடு போடுகிறது என்றால், மொத்த ஹைட்ரஜன் எவ்வளவு இருக்க வேண்டும்!

1925-இல், 25 வயதில், நட்சத்திரங்களில் மிக அதிகம் இருப்பது ஹைட்ரஜன்தான் என்ற அந்த விடை பெய்னின் ஆய்வேட்டில் இருந்தது. அன்றைய பெரிய வானியலாளர் ஹென்றி நோரிஸ் ரஸ்ஸல் ஏற்கவில்லை. அதனால் அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று பெய்னே எழுத வேண்டியதாயிற்று. 1929-இல் ரஸ்ஸல் தானாகவே அதே முடிவுக்கு வந்து சேர்ந்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது.

நீ அந்தக் கணக்கைத்தான் வேண்டாம் என்கிறாய். நிரல் எழுதத் தெரிந்த பையன் ஒரு சமன்பாட்டுக்குப் பயந்து ஒதுங்கலாமா? வானத்தின் படங்களைப் பார்த்து வியப்பதற்கு மைனர் எதற்கு?

கோபப்பட்டுவிட்டேன், பொறுத்துக்கொள். கால்குலஸில் தடுமாறினால் பரவாயில்லை, எல்லோரும் தடுமாறியவர்கள்தான். விண்மீன்களின் உள்ளமைப்பும் கதிர்வீச்சும் வரும் தாளை மட்டும் விட்டுவிடாதே. அண்டவியலை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

சேருவதற்கு முன் ஒன்று செய். எந்த ஆற்றல் மட்டத்தில் எத்தனை அணுக்கள் இருக்கும் என்று சொல்லும் போல்ட்ஸ்மான் சூத்திரத்தில் அந்த 10.2-ஐயும் 5,800-ஐயும் நீயே இட்டுப் பார். கணினியில் வேண்டாம், தாளில் போடு. முன்னால் 4 என்று ஒரு பெருக்கெண் வரும், அதை மறந்துவிடாதே.