பெட்டைக்குருவி வேறு ஆணை நாடுவது நல்ல மரபணுவுக்காகவா?

ஜோடியாகக் கூடு கட்டி வாழும் பறவைகளில் பெட்டை வேறு ஆணுடனும் இணைவது ஏன், அதனால் குஞ்சுகளுக்கு நன்மை உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். ‘வலுவான தந்தையின் மரபணு கிடைக்கிறது’ என்ற பதில்தான் எங்கும் சொல்லப்படுகிறது. எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை.

காவேரிப்பட்டணத்தில் எங்கள் ஓட்டு வீட்டு இடுக்கில் சிட்டுக்குருவிகள் கூடு கட்டும். ஆணும் பெண்ணும் மாறி மாறி இரை கொண்டுவருவதைப் பார்க்கும் எவருக்கும் அந்த ஆண்தான் தந்தை என்றே தோன்றும். பறவையியலாளர்களும் அப்படித்தான் நம்பியிருந்தார்கள். 1980களில் டிஎன்ஏ சோதனை வந்த பிறகுதான் உண்மை தெரிந்தது. 2002இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, ஜோடியாக வாழும் பறவை இனங்களில் சராசரியாக 11 விழுக்காட்டுக்கும் அதிகமான குஞ்சுகளுக்குத் தந்தை வேறு ஆண்.

நல்ல மரபணு என்ற கருத்துக்கும் சான்று உண்டு. ஐரோப்பாவின் நீலச் சிட்டுகளில் வேற்றுத் தந்தையின் குஞ்சுகளுக்கு, தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் வந்த மரபணுக்களுக்கு இடையிலான வேறுபாடு கூடுதலாக இருந்தது. அது பிழைப்பதற்கு உதவும். ஆனால் இங்கிலாந்தின் லண்டி தீவில் சிட்டுக்குருவிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பின்தொடர்ந்தபோது வந்த முடிவு நேர் எதிரானது. அங்கே வேற்றுத் தந்தைக்குப் பிறந்தவை தம் வாழ்நாளில் விட்டுச்சென்ற வாரிசுகளே குறைவு. கனடாவின் மாண்டார்டே தீவில் பாடும் சிட்டுகளிடமும் ஏறக்குறைய இதே கதைதான். எந்தக் குஞ்சு கொழுகொழுவென்று இருக்கிறது என்பதை வைத்து முடிவு செய்யாமல், ஆயுள் முழுவதும் கணக்கெடுத்த ஆய்வுகள் என்பதால் இவற்றை நான் பெரிதும் மதிக்கிறேன்.

அப்படியானால் அந்தப் பழக்கம் ஏன் அழியவில்லை? 2011இல் கூண்டில் வளர்த்த வரிக்குருவிகளில் (zebra finch) கிடைத்த விடை என்னை மிகவும் கவர்ந்தது. பல பெட்டைகளைத் தேடும் ஆணுக்கு லாபம் வெளிப்படை: அவன் குஞ்சுகளை இன்னொருவன் வளர்க்கிறான். அந்தத் துடிப்பைத் தரும் மரபணுக்கள் மகன்களோடு நிற்பதில்லை, மகள்களுக்கும் போய்ச் சேர்கின்றன. பெட்டைக்கு எந்த நன்மையும் இல்லாவிட்டாலும், ஆணுக்குக் கிடைக்கும் லாபத்தாலேயே அவை தொடர முடியும். ஜோடி ஆண் மலடாக இருந்தால் முட்டை வீணாகாமல் காக்கும் முன்னேற்பாடு என்றொரு விளக்கமும் உண்டு.

நம் பக்கத்துக் கிணற்றோரங்களில் கூடு பின்னும் தூக்கணாங்குருவியை இதில் சேர்க்க வேண்டாம். அங்கே ஆண் பாதிக் கூட்டைப் பின்னி வைக்கும். பெட்டை பார்த்து ஏற்றால் மீதியை முடித்துவிட்டு, அடுத்த பெட்டைக்காக அடுத்த கூட்டைத் தொடங்கிவிடும்.