பலாக்கன்றின் இலை

அன்புள்ள ஐயா,

போன ஆடியில் நர்சரியிலிருந்து ஒரு பலாக்கன்று வாங்கி வைத்தோம். இப்போது இடுப்புயரம். இலையெல்லாம் இரண்டு மூன்றாகப் பிளந்திருக்கிறது. "இது பலாவே இல்லை, கறிப்பலாவைத் தலையில் கட்டிவிட்டான்" என்கிறார் மாமனார். ஜவ்வாது மலையில் நாங்கள் பார்த்த மரங்களில் இலை முழுசாகத்தான் இருந்தது. பிடுங்கிவிடலாமா?

- ஒரு வாசகி, குடியாத்தம்

அன்புள்ள வாசகிக்கு,

பிடுங்காதீர்கள். பலா சின்ன வயதில் இப்படித்தான். அதன் அறிவியல் பெயர் ஆர்டோகார்பஸ் ஹெட்டிரோபில்லஸ். பின்பாதிக்கு 'வேறுவேறு இலை கொண்டது' என்றே பொருள். கன்றில் மடல்விட்ட இலை வரும், வளர்ந்த மரத்தில் முழு இலை. கறிப்பலாவோ மரமான பிறகும் பெரிய இலையை ஆழப் பிளந்தபடியே வைத்திருக்கும். மாமனாரின் சந்தேகம் நியாயமானதுதான், நர்சரிக்காரர் பாவம்.

'பிளந்திருக்கிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அப்படித்தான் சொல்வேன், ஆனால் அங்கே எதுவும் பிளக்கவில்லை. கொழுந்தின் நுனியில் ஆக்சின் என்ற ஹார்மோன் எங்கே சேர்கிறதோ அங்கே ஒரு புடைப்பு கிளம்பும். அதுதான் இலையின் பிறப்பு. பிறகு அதன் ஓரத்திலும் இதே கதை: ஆக்சின் சேரும் இடம் முன்னே வளர்கிறது, நடுவில் உள்ள இடத்தில் வளர்ச்சி அடக்கப்படுகிறது. பின்தங்கிய அந்த இடம்தான் நம் கண்ணுக்கு வெட்டாகத் தெரிகிறது.

நிஜமாகவே பிரிவது தென்னை ஓலை. குருத்துக்குள் ஒரே தகடாக, விசிறி மடிப்பாக உருவாகி, மடிப்பு வழியே பிரிந்து கீற்றாகிறது. தென்னங்கன்றின் முதல் இலைகள் பிரியாமலே வரும். சீக்கிரம் ஓலை பிரிந்த கன்றாகப் பார்த்து எடு என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். உங்கள் பலாவுக்கு நேர் எதிர்! (வாழையிலையைக் கிழிப்பது வெறும் ஆடிக்காற்று.)

சரி, வயதுக்கும் இலைக்கும் என்ன சம்பந்தம்? கடுகுக் குடும்பத்துச் சிறுசெடியான அராபிடாப்சிஸில் இதை நன்றாகப் பார்த்திருக்கிறார்கள். இளஞ்செடியில் மைக்ரோஆர்என்ஏ 156 என்ற துணுக்கு (சில மரபணுக்களை அடக்கிவைக்கும் குட்டி மூலக்கூறு) நிறைய இருக்கும். அது இருக்கும்வரை இளமைக்கால இலைதான். இலைகள் தயாரிக்கும் சர்க்கரை சேரச்சேர அந்தத் துணுக்கு குறைகிறது, இலையின் வடிவம் மாறுகிறது. தான் சமைத்ததை வைத்தே செடி தன் வயதைக் கணக்குப் போடுகிறது என்றால் கொஞ்சம் மிகைதான், ஆனாலும் எனக்குப் பிடித்த மிகை. யூகலிப்டஸ், ஓக் போன்ற மரங்களிலும் வயது ஏற ஏற இந்தத் துணுக்கு குறைவதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்புறம் ஒன்று. வளர்ந்த பலாவிலும், வெட்டிய இடத்திலிருந்து வேகமாகக் கிளம்பும் தளிரில் மடல் இலை திரும்ப வரலாம். அதனால் பிற்காலத்தில் கிளை கழித்தால் மாமனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இப்போதைக்குச் சித்திரை வெயிலில் வேரடி காயாமல் பார்த்துக்கொண்டால் போதும்.